உப்பின் பின்னால் போகும் நீர்

வளர்ந்த மனிதரின் உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. சிறுநீரகங்கள் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை லிட்டர் போக மீதி அனைத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. குடல் தன் பங்குக்குத் தினமும் எட்டு, ஒன்பது லிட்டரை உறிஞ்சுகிறது. இவ்வளவு நீரை நகர்த்தும் உடலில், ஆற்றலைச் செலவழித்து நேரடியாக நீரை இறைக்கும் பொறி ஒன்றுகூட உறுதியாகக் கண்டறியப்படவில்லை. உயிரணுக்கள் இறைப்பவை கரைபொருள்களை: உப்பின் அயனிகளை, சர்க்கரையை, அமினோ அமிலங்களை. நீர் அவற்றின் பின்னால் போகிறது.

காலரா நோயாளி பிழைப்பதும், வாடிய செடி நிமிர்வதும், கடல் நீரில் வேர்விட்ட கண்டல் மரம் பச்சையாக இருப்பதும் இந்த ஒரே விதியின் கீழ் வருகின்றன. உயிரணுச் சவ்வின் வழியாக எது, எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் விடை தேடியிருக்கிறார்கள். இயற்பியலாளர்கள் ஒரு துண்டையும், தாவரவியலாளர்கள் ஒரு துண்டையும், மருத்துவர்கள் ஒரு துண்டையும் கண்டார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மண்கலத்தில் அளந்த அழுத்தம்

1748இல் பிரான்ஸின் ழான் அந்துவான் நொல்லே ஒரு குப்பியில் மதுசாரத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். சில மணி நேரத்தில் தோல் வெளிப்பக்கமாகப் புடைத்தது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்த திரவம் பீறிட்டது. தண்ணீர் தோல் வழியே எளிதாக உள்ளே போயிருந்தது. மதுசாரத்தால் அந்த வேகத்தில் வெளியே வர முடியவில்லை. சவ்வூடு பரவலைப் பற்றிய தெளிவான முதல் பதிவு இது. 1820களில் அதே நாட்டின் ஆன்ரி துத்ரொஷே, தாவரத் திசுக்களிலும் விலங்குத் திசுக்களிலும் இதே இயக்கம் நடப்பதை எடுத்துக்காட்டினார். அதை அளக்க ஒரு கருவியும் செய்தார்.

துல்லியமான அளவீடு 1877இல் வந்தது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர், நுண்துளைகள் கொண்ட சிறு மண்கலத்தின் சுவரில் காப்பர் ஃபெரோசயனைடைப் படியச் செய்தார். அந்தப் படிவம் நீரை விட்டது, சர்க்கரையைத் தடுத்தது. கலத்துக்குள் சர்க்கரைக் கரைசலை ஊற்றித் தண்ணீரில் வைத்தபோது, 1 சதவீதக் கரைசலே ஏறக்குறைய 0.7 வளிமண்டல அழுத்தத்தைக் காட்டியது. அடர்த்தி இரட்டித்தால் அழுத்தமும் ஏறத்தாழ இரட்டித்தது. இந்த எண்களை ஆம்ஸ்டர்டாமில் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ் வழியாக அறிந்த வேதியியலாளர் வான்ட் ஹாஃப், நீர்த்த கரைசலில் கரைபொருள் துகள்களின் அழுத்தம் வாயுக்களின் சமன்பாட்டையே பின்பற்றுகிறது என்று கண்டார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கு வழங்கப்பட்டபோது, இந்தப் பணியும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

இந்தச் சமன்பாட்டிலிருந்து உயிரியலுக்குக் கிடைத்த பாடம்: துகள் எது என்பதைவிட எத்தனை என்பதே முக்கியம். சர்க்கரை மூலக்கூறு ஒன்று என்றால் ஒன்றுதான். சமையல் உப்போ கரையும்போது சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிந்து இரண்டாகக் கணக்கில் சேர்கிறது. மருத்துவமனையில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதற்குக் காரணம், அந்த அளவில் அதன் துகள் எண்ணிக்கை இரத்தத்தினுடையதை ஒட்டி இருக்கிறது என்பதே. சிவப்பணுக்களை வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடிக்கும். அடர்ந்த உப்பு நீரில் போட்டால் சுருங்கும். சலைனில் தம் வடிவத்திலேயே இருக்கும்.

சவ்வூடு பரவலை, நீர் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவது என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். திசை சரி, விளக்கம் போதாது. கரைபொருள் சேரச் சேர, அந்தப் பக்கத்து நீரின் வெளியேறும் நாட்டம் குறைகிறது. ஆகவே நீர் நிகரமாக அந்தப் பக்கம் நகர்கிறது. கரைபொருள் உள்ள அந்தப் பக்கத்தில் அழுத்தம் கொடுத்தால் இந்த ஓட்டத்தை நிறுத்தலாம், இன்னும் கூட்டினால் திருப்பியும் விடலாம். சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் செய்வது அதைத்தான். கடல் நீரின் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 வளிமண்டலம். அதைவிட வெகுவாக அதிக அழுத்தத்தில் தள்ளினால்தான் நல்ல நீர் பிரிகிறது. அழுத்தமும் அடர்த்தியும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதை மறந்தால், பின்னால் வரும் தாவரங்களின் கதை விளங்காது.

கொழுப்பாலான எல்லை

மண்கலத்தில் காப்பர் படிவம் இருந்த இடத்தில் உயிரணுவில் என்ன இருக்கிறது? 1890களில் ஜூரிக்கில் பணியாற்றிய சார்லஸ் எர்னஸ்ட் ஓவர்ட்டன், நூற்றுக்கணக்கான பொருள்களை உயிரணுக்களுக்குள் செலுத்திப் பார்த்தார். கொழுப்பில் எளிதாகக் கரைபவை வேகமாக நுழைந்தன. கரையாதவை வெளியே நின்றன. ஆகவே எல்லை கொழுப்புத் தன்மை கொண்டது என்றார். 1925இல் நெதர்லாந்தின் கார்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து, நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அது உயிரணுக்களின் மேற்பரப்பைப் போல இருமடங்கு இடத்தை நிரப்பியது. சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்தார்கள். அவர்களுடைய அளவீட்டில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டின என்று பின்னாளில் தெரிந்தது, முடிவு நிலைத்தது. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும், அந்தக் கொழுப்புப் படலத்தில் புரதங்கள் பதிந்து மிதக்கின்றன என்ற இன்றைய சித்திரத்தைத் தந்தார்கள்.

சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் 2 லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த மெல்லிய படலம் காட்டும் பாகுபாடு வியப்பானது. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் தடையின்றிப் போய்வருகின்றன. நீர் ஓரளவு கசிகிறது. மின்னூட்டம் கொண்ட சோடியத்துக்கு அதே படலம், நீருக்கு இருப்பதைவிட நூறு கோடி மடங்கு அளவில் கடினமான தடை. குளுக்கோஸுக்கும் தானாக வழி கிடையாது. இவற்றுக்கெல்லாம் புரதங்கள்தான் பாதை. திறந்து மூடும் அயனிக் கால்வாய்கள், பொருளைப் பற்றி மறுபக்கம் விடும் கடத்திகள், ஆற்றலைச் செலவிட்டு எதிர்த்திசையில் தள்ளும் பம்புகள் என அவை மூன்று வகை. சர்க்கரை நோயைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இரண்டாம் வகை அறிமுகமானதுதான்: தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இன்சுலின் செய்யும் முதன்மையான வேலை, குளுக்கோஸ் கடத்திகளை உயிரணுவின் உள்ளிருந்து சவ்வுக்குக் கொண்டுவருவது.

பம்பு நின்றால் உயிரணு வெடிக்கும்

உயிரணுவுக்குப் பிறப்பிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. அதனுள் புரதங்களும் நியூக்ளிக் அமிலங்களும் நிறைந்திருக்கின்றன. அவை வெளியேற முடியாது. அவற்றின் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்யும் அயனிகளும் கூடவே தங்குகின்றன. துகள் எண்ணிக்கை உள்ளே கூடுவதால் நீர் ஓயாமல் உள்ளே வரப் பார்க்கும். கெட்டிச் சுவர் இல்லாத விலங்கு உயிரணு இதைச் சமாளிக்காவிட்டால் ஊதி வெடிக்க வேண்டியதுதான்.

சமாளிக்கும் வழியை 1957இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் யென்ஸ் ஸ்கோ, நண்டின் கால் நரம்புகளில் கண்டார். சோடியம்-பொட்டாசியம் பம்பு என்று நாம் அழைக்கும் அந்த நொதி, ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. கசிந்து வரும் சோடியத்தை இடைவிடாமல் வெளியேற்றுவதால் சோடியம் உள்ளே வரமுடியாத பொருளைப் போலவே ஆகிவிடுகிறது. உள்ளே சிக்கிய புரதங்களுக்கு வெளியேயிருந்து ஈடு கிடைக்கிறது. பம்பும் கசிவும் சேர்ந்தே உயிரணுவின் பருமனைத் தீர்மானிக்கின்றன என்பதை 1960இல் டாஸ்டிசனும் ஹாஃப்மனும் செம்மறியாட்டுச் சிவப்பணுக்களைக் கொண்டு நிறுவினார்கள். ஸ்கோவுக்கு 1997இல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. மூளையில் பங்கு இன்னும் அதிகம். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் நின்றதும் ஏ.டி.பி. தீர்கிறது, பம்புகள் நிற்கின்றன, சோடியம் உள்ளே வருகிறது, நீர் தொடர்கிறது, உயிரணுக்கள் வீங்குகின்றன. நேரம் கடத்தாதீர்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவதற்குப் பின்னால் இந்தச் சங்கிலியும் இருக்கிறது.

பம்பு இன்னொன்றையும் செய்கிறது. வெளியே சோடியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு. இந்த ஏற்றத்தாழ்வு சேமித்து வைத்த ஆற்றல். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய தண்ணீர், மோட்டார் நின்ற பிறகும் வீட்டுக் குழாய்களில் வருவதைப் போல, சோடியம் உள்ளே இறங்கும் வேகத்தை வைத்து மற்றக் கடத்திகள் தத்தம் வேலைகளை முடித்துக்கொள்கின்றன.

நீருக்கென ஒரு கால்வாய்

நீர் கொழுப்புப் படலத்தில் கசிவது மட்டும் போதுமா? 1950களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் ஹான்ஸ் உசிங்கும் கோஃபோட்-ஜான்சனும் தேரையின் தோலில் இதைச் சோதித்தார்கள். நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பரவும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டதைவிட, சவ்வூடு ஓட்டம் மிக அதிகமாக இருந்தது. எங்கோ துளைகள் இருந்தாக வேண்டும். சிவப்பணுக்களில் பாதரசச் சேர்மங்கள் நீரோட்டத்தை மட்டும் அடைத்தது அந்தத் துளைகள் புரதத்தால் ஆனவை என்ற ஐயத்தை வலுப்படுத்தியது. 1986இல் ருமேனியாவின் கியோர்கே பெங்கா, பாதரசம் ஒட்டும் புரதங்களை அடையாளமிட்டு மிக அருகில் வந்தார். விடை வேறொரு தேடலில் கிடைத்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்.எச். இரத்தவகைப் புரதத்தை ஆராய்ந்த பீட்டர் ஆக்ரே, கூடவே வந்துகொண்டிருந்த பெயரில்லாத ஒரு சிறிய புரதத்தைக் கவனித்தார். 1992இல் அவருடைய குழு அதற்கான மரபுச் செய்தியைத் தவளை முட்டைகளில் செலுத்தி, முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டது. சாதாரண முட்டைகள் அப்படியே கிடந்தன. செய்தி பெற்றவை சில நிமிடங்களில் உப்பி வெடித்தன.

அக்வாபோரின் என்ற அந்தப் புரதத்தின் ஒரு துளை நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி நீர் மூலக்கூறுகளை ஒற்றை வரிசையில் விடுகிறது. புரோட்டானை மட்டும் விடாது. விட்டால் உயிரணுவின் அமிலச் சமநிலையும் மின்னழுத்தமும் குலைந்துவிடும். மனிதரில் இந்தக் குடும்பத்தில் 13 புரதங்கள் இருக்கின்றன. 2003இல் ஆக்ரேயும், பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தை வெளிக்கொணர்ந்த ரோடரிக் மக்கின்னனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அக்வாபோரின் வெறும் பாதைதான்; தள்ளும் சக்தி அதற்கு இல்லை. சிறுநீரகம் இதைப் பயன்படுத்தும் விதம் மிகவும் நுட்பமானது. சிறுநீரகத்தின் நுண்குழலான நெஃப்ரானின் வளைவில் ஒரு பகுதி, நீரை விடாமல் உப்பை மட்டும் வெளியே இறைக்கிறது. அதனால் சிறுநீரகத்தின் உட்பகுதி இரத்தத்தைப் போல நான்கு மடங்கு வரை அடர்ந்துவிடுகிறது. சிறுநீர் கடைசியாக அந்த உப்புப் பகுதியின் ஊடே இறங்குகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் மூளையிலிருந்து வரும் வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன், அக்வாபோரின்-2 புரதங்களைச் சவ்வில் கொண்டுவந்து பொருத்தும்; நீர் உப்பை நோக்கி வெளியேறி உடலுக்குத் திரும்பும். அந்தப் புரதத்தின் மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டருக்கும் மேல் சிறுநீர் போகலாம். கடல் நீரைக் குடித்து மனிதர் ஏன் வாழ முடியாது என்பதும் இங்கே விளங்கும்: நம் சிறுநீரகத்தால் கடல் நீரின் அளவுக்கு உப்பை அடர்த்தியாக வெளியேற்ற முடியாது. குடித்த உப்பைக் கழிக்கவே குடித்ததைவிட அதிக நீர் தேவைப்படும்.

காலரா கற்றுக்கொடுத்தது

இந்த அறிவு மனித உயிரோடு நேருக்கு நேர் நின்ற இடம் குடல். 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று நிரூபித்தார். அந்த நச்சு குடல் உயிரணுக்களைக் கொல்வதில்லை. உள்ளே ஒரு சமிக்ஞையை நிறுத்த முடியாதபடி முடுக்கிவிடுகிறது. குளோரைடுக் கால்வாய்கள் திறந்தபடியே இருக்கின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, சோடியம் பின்தொடர்கிறது, நீரும் போகிறது. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கக்கூடும். அதே கால்வாய் பிறவியிலேயே பழுதானால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் வருகிறது. உப்பு வெளிவராததால் நீரும் வராமல், நுரையீரலின் சளி இறுகிவிடுகிறது.

வெளியே கொட்டும் வழி திறந்திருந்தாலும் உள்ளே வரும் ஒரு வழி கெடுவதில்லை. 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன், குடலில் குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்தே உறிஞ்சப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். சோடியம் இறங்கும் வேகத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. இரண்டும் உள்ளே வந்தால் நீரும் வர வேண்டும். காலரா நச்சு இந்தக் கடத்தியைத் தொடுவதில்லை. எனவே உப்போடு சரியான அளவு குளுக்கோஸையும் கரைத்து வாய்வழியே கொடுத்தால் இழந்த நீரை மீட்கலாம். 1968இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் இதைக் காட்டினார்கள். 1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தன. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பாத்திரங்களில் வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. பின்னர் வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே சென்று, உப்பையும் வெல்லத்தையும் கரைக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத் தந்தார்கள்.

அறிவியல் அதோடு நிற்கவில்லை. ஓ.ஆர்.எஸ். என்று அறியப்படும் இந்த வாய்வழிக் கரைசலின் பழைய வடிவில் மொத்தச் செறிவு லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோல். 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் அதை 245ஆகக் குறைத்து, சோடியத்தையும் குளுக்கோஸையும் சமமாக 75 மில்லிமோல் என்று வைத்தன. இரத்தத்தைவிடச் சற்று நீர்த்த கரைசலிலிருந்து நீர் எளிதாக உடலுக்குள் போகும். வயிற்றுப்போக்கின் அளவும் குறைந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு 2000இல் வேறொரு வழியைக் காட்டியது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்தால், பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அதைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை அங்கேயும் சோடியத்தை உறிஞ்ச வைக்கின்றன. சோடியம் வந்தால் நீரும் வரும்.

சுவருக்குள் வாழும் உயிரணுக்கள்

தாவர உயிரணு வெடிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. செல்லுலோஸ் சுவர் தாங்குகிறது. உள்ளே வரும் நீரின் அழுத்தமே அதற்குப் பலம். சாதாரண இலை உயிரணுவில் அந்த அழுத்தம் ஐந்து முதல் பத்து வளிமண்டலம் வரை இருக்கும். அது குறைந்தால் செடி வாடுகிறது. இலைத்துளைகள் திறப்பதும் இதே முறையில்தான். ஒளி பட்டதும் காப்பு உயிரணுக்கள் புரோட்டான்களை வெளியே தள்ளுகின்றன, பொட்டாசியம் உள்ளே வருகிறது, நீர் தொடர்கிறது, உயிரணுக்கள் விறைத்து வளைய, துளை திறக்கிறது. வறட்சியில் அதே பொட்டாசியம் வெளியேறுகிறது, துளை மூடுகிறது.

உப்பு ஏறிய மண்ணில் நெற்பயிர், வேரடியில் ஈரம் இருந்தும் வாடுவதற்கு இதுவே ஒரு காரணம். மண்ணின் கரைசல் அடர்ந்தபின், நீரை இழுக்க வேருக்குப் போதிய வேறுபாடு இல்லை. பிச்சாவரத்தின் கண்டல் மரங்கள் இதே நெருக்கடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. சுரபுன்னை தன் வேரிலேயே பெரும்பாலான உப்பை வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்த உப்பின் ஒரு பகுதியை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. கடல் நீரின் 27 வளிமண்டலத்தை வெல்ல, இந்த மரங்களின் நீர்க்குழாய்களில் அதைவிட வலிய எதிர்மறை இழுவிசை இருக்க வேண்டும். 1965இல் ஷோலாண்டரின் குழு அழுத்த அறைக் கருவியால் கண்டல் கிளைகளை அளந்தபோது அது உறுதியானது. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உப்பைத் தாங்கும் மரபணுக்களை வெண்கண்டலிலிருந்து பிரித்து நெல்லுக்குக் கொண்டுசெல்லும் ஆய்வுகளைச் செய்திருக்கிறது. கடல் உள்ளே ஏறிவரும் டெல்டாவுக்கு இது நாளைய சோறு பற்றிய கேள்வி.

இன்னும் தீராத வாதங்கள்

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன விதிக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. 1996இல் லூ, சோய்த்தன், ரைட் ஆகியோரின் குழு, குடலின் சோடியம்-குளுக்கோஸ் கடத்தி ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 260 நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு நேரடியாக இழுத்துச் செல்கிறது என்று அறிவித்தது. அப்படியானால் நீரையும் இறைக்க முடியும். மறுதரப்பு, கடத்தியின் வாயருகே சேரும் சோடியமும் குளுக்கோஸும் அந்தச் சிறு இடத்தில் உருவாக்கும் சாதாரண சவ்வூடு ஓட்டமே இது என்கிறது. இரண்டாவது விளக்கம் குறைவான புதிய கருதுகோள்களுடன் அதிகத்தை விளக்குகிறது என்பதால் அதுவே எனக்கு ஏற்புடையது; ஆனால் முதல் தரப்பின் அளவீடுகளை ஒதுக்கிவிட முடியாது.

வீங்கிய உயிரணு தன் பருமனை எப்படி மீட்கிறது என்பதும் நெடுங்காலம் புதிராக இருந்தது. வீக்கத்தில் திறந்து குளோரைடையும் சிறு கரிமப் பொருள்களையும் வெளியே விடும் கால்வாயின் அடிப்படைப் புரதத்தை 2014இல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. வீங்கியதை உயிரணு எப்படி உணர்கிறது என்பது இன்றும் ஆய்வில் இருக்கிறது. இங்கும் உயிரணு கையாளும் உத்தி பழையதுதான்: நீரைத் தள்ளுவதில்லை, கரைபொருளை விடுகிறது.

அளவும் காரணமும்

இந்த ஆய்வுகள் அனைத்திலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நீரைக் கட்டுப்படுத்த விரும்பும் எந்த உயிரும் கரைபொருளின் கணக்கைக் கையில் எடுக்கிறது. நம் பள்ளிகளில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரை வைத்துச் செய்யும் சோதனையோடு சவ்வூடு பரவல் முடிந்துவிடுகிறது. பம்பு வேறொரு பாடத்தில், சிறுநீரகம் வேறொரு பாடத்தில், ஓ.ஆர்.எஸ். சுகாதாரச் சுவரொட்டியில். இவை ஒரே பாடம் என்பதைச் சொல்லித் தர வேண்டும்.

அதன் பயன் வீட்டில் தெரியும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால், குழந்தையின் குடலுக்குள் இரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்ந்த கரைசல் போகிறது. அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும். சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களும் பழச்சாறுகளும் அதே தீங்கைச் செய்யும். வெறும் தண்ணீரை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால், இழந்த உப்பு ஈடாகாமல் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை உயிரணுக்கள் வீங்கும். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற அளவு போதும். இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். சர்க்கரை உப்பை உள்ளே அழைக்கிறது, உப்பு நீரை அழைக்கிறது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்.